தேடிய சொல் கிடைக்கவில்லை

கடிதம் முழுவதும் ஒரே வரியாக இருந்தது.

திரையின் இடது ஓரத்தில் தொடங்கி, வலது ஓரத்தைத் தாண்டி, எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. படிக்க வேண்டுமென்றால் கீழே இருந்த பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். இன்ஸ்பெக்டரம்மா இழுத்து இழுத்துப் படித்தார்.

‘என்னை தேட வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்ச நாள் தனியாக இருக்க போகிறேன். அதை பற்றி யாரிடமும் கேட்காதே. உன் மேல் எந்த தப்பும் இல்லை. உடம்பை பார்த்துக் கொள்.’

அவ்வளவுதான். கீழே பெயர் இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா என்பது பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருடம் காவல்துறையில், காணாமல்போனவர்களைத் தேடும் பிரிவில் இருந்தார். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. இப்போது சொந்தமாகத் தேடுகிறார். யார் எதைச் சொல்லி அழுதாலும் குறிப்பெடுத்துக்கொள்வார். உள்ளே ஒன்றும் அசையாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் கன்னம் இருப்பது தெரியும், தொட்டது தெரியாது. நான்கு வருடமாக அவருக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

“போலீஸ்ல என்ன சொன்னாங்க?” என்றார்.

“வயசு வந்த ஆளு, லெட்டர் வேற எழுதி வெச்சிருக்கார், தானாப் போனவர் தானா வருவார்னு சொன்னாங்க மேடம்.”

சொன்ன பெண் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை; பஸ் நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பதினோரு நாளைக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகிறேன் என்று சட்டையை இன் பண்ணிக்கொண்டு கிளம்பியவர் திரும்பவில்லை. போன் அணைந்து கிடந்தது.

“லெட்டரை யார் முதல்ல பார்த்தாங்க?”

“அக்கா. என் நாத்தனார். சனிக்கிழமை எனக்குத் துணைக்கு வந்தாங்க. எங்கயாவது டிக்கெட் கிக்கெட் போட்டிருக்கானான்னு பார்க்கறேன்னு கம்ப்யூட்டரைத் திறந்தாங்க. இது முகப்புலயே இருந்துது.”

“உங்களுக்கு என்ன சந்தேகம்? போலீஸ் சொல்றதை ஏன் நம்பல?”

“ஆறு வாக்கியம் இருக்கு. எத்தனையோ தடவை படிச்சுட்டேன். ஒண்ணுலகூட அவர் குரல் கேக்கல மேடம். அதான்.”

இன்ஸ்பெக்டரம்மா சமையலறைப் பக்கம் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு வந்தார். மேடைமேல் மூன்று டிபன் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மூன்றும் கழுவினவை அல்ல, திறக்காதவை.

“யார் கொண்டுவந்தது?”

“அக்காதான். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து வெச்சுட்டுப் போவாங்க. அவங்களுக்கும் வேலை இருக்கே. பிள்ளைங்களோட படப் புத்தகத்துக்கெல்லாம் பக்கம் அமைச்சுக் கொடுக்கறாங்க, வீட்ல இருந்தே.”

இதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கமா தொண்டையைக் கனைத்தான்.

கமா, இன்ஸ்பெக்டரம்மாவின் உதவியாளன். நாற்பது வயது, நல்ல வழுக்கை. பேச்சில் முற்றுப்புள்ளியே வைக்காததால் அந்தப் பெயர். இதற்கு முன் ‘கிறுக்கல்’ என்ற எழுதும் மென்பொருளைச் செய்த ஒரு சின்னக் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தான். அதைச் செய்தவர்கள் மூன்று பேர், திட்டியவர்கள் ஆயிரம் பேர், திட்டு வாங்கியவன் தான் ஒருவன் என்பான். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்றிலும் ஓடுகிற கிறுக்கல், மூன்றிலும் மூன்று விதமாகச் சண்டித்தனம் பண்ணும். அந்தச் சண்டித்தனங்களுக்கெல்லாம் வரிசை எண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ‘அறிந்த பிரச்சினைகள்.’ மொத்தம் அறுபத்து மூன்று. கம்பெனி மூடியாகிவிட்டது. பட்டியல் கமாவின் தலைக்குள் குடியேறிவிட்டது.

“மேடம், இது பிரச்சினை நாலு,” என்றான்.

“தமிழ்ல சொல்லு.”

“டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா ரெண்டு வேலை, வண்டியை இந்தப் பக்கம் தள்ளணும், காகிதத்தை ஒரு சுத்து உருட்டணும், விண்டோஸ் இன்னமும் அந்த ரெண்டுக்கும் ரெண்டு குறி போடும், மத்த ரெண்டும் ஒரு குறியோட நிறுத்திக்கும், இவர் வெச்சிருக்கற பழைய கிறுக்கலுக்கு ஒத்தைக் குறி புரியாது, அது பாட்டுக்கு எல்லாத்தையும் ரயில் மாதிரி கோத்துரும்.”

“அப்படின்னா?”

“இந்த லெட்டர் இந்த விண்டோஸ் மெஷின்ல அடிச்சது இல்ல. வெளியில எங்கயோ அடிச்சு, இங்க கொண்டுவந்து போட்டிருக்காங்க.” திரையில் எதையோ சொடுக்கினான். “கடைசியாச் சேமிச்ச தேதி வெள்ளிக்கிழமை. அவர் போன மறுநாள்.”

இன்ஸ்பெக்டரம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தார். “ஆபீஸ்ல அவர் மெஷின் எது?”

“ஆபீஸ்ல எல்லாம் லினக்ஸ்னு சொல்வார். கிறுக்கலை எல்லாருக்கும் இவர்தான் போட்டுக் கொடுத்தார். எனக்கு, அக்காவுக்கு, ஆபீசுக்கு. இலவசமாக் கிடைக்கறதை ஏன் விடறதுன்னு.”

“இலவசமாக் கிடைச்சது அறுபத்து மூணு,” என்றான் கமா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கமா கடிதத்தைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

---

அச்சகத்தின் மாடியில் நீளமான ஓர் அறை. எட்டு மேஜைகள், எட்டுத் திரைகள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதத்திலிருந்து பாடப் புத்தகம் வரைக்கும் இங்கேதான் பிழை பார்த்தார்கள். காணாமல்போனவருக்கு இங்கே ‘ஒற்று’ என்று பெயர். வாக்கியத்தில் ஒரு க், ச், த், ப் விட்டுப்போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காதாம்.

“ஒற்றைத் தேடிக் கமா வந்திருக்கேன்,” என்றான் கமா படியேறும்போதே. “நம்ம தொழிலே ஒற்று வேலைதான மேடம், இலக்கணப்படி எல்லாம் சரியா இருக்கு.”

“வாயை மூடிட்டு வா.”

ஒற்றின் எதிர் மேஜைக்காரர் ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த மனிதர். சட்டைப் பையில் இரண்டு சிவப்புப் பேனா. வெள்ளிக்கிழமை ஒற்று வந்தாரா என்று கேட்டதற்கு, வியாழக்கிழமையிலிருந்தே வரவில்லை, இரண்டு நாள் விடுப்பு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தான் என்றார்.

இன்ஸ்பெக்டரம்மாவின் பேனா நின்றது. மனைவியிடம் வேலைக்கு என்று சொல்லிவிட்டு, வேலையில் விடுப்புச் சொல்லியிருக்கிறார். குறித்துக்கொண்டார்.

“எங்க போறார்னு சொன்னாரா?”

“சொல்லல. சந்தோஷமா இருந்தான். அது மட்டும் தெரியும்.”

கமா ஒற்றின் திரையில் கடிதத்தைத் திறந்தான். லினக்ஸில் அது ஆறு வாக்கியமும் ஆறு வரியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, அடக்கமாக உட்கார்ந்தது. அப்படியே ஒரு தாளில் அச்செடுத்து எதிர் மேஜைக்காரரிடம் நீட்டினார் இன்ஸ்பெக்டரம்மா.

அவர் படிக்கவில்லை. சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். ‘என்னை தேட’ என்ற இடத்தில் ஒரு வட்டம். ‘இருக்க போகிறேன்.’ ‘அதை பற்றி.’ ‘எந்த தப்பும்.’ ‘உடம்பை பார்த்து.’ ஐந்து வட்டம் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“யார் எழுதினது இது? பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?”

“உங்க ஒற்று.”

“போங்கம்மா. போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தப்ப எனக்கு லீவு லெட்டர் அனுப்பினான். அதுல ஒரே ஒரு ‘ப்’ விட்டிருந்தான். அஞ்சு நிமிஷத்துல இன்னொரு லெட்டர் வருது, ‘திருத்தப்பட்டது’ன்னு மேல போட்டு. நூத்திமூணு டிகிரி காய்ச்சல்ல!”

“யாராவது மிரட்டி எழுத வெச்சிருந்தா?” என்றான் கமா.

“மிரட்டறவனுக்குப் பாடம் எடுப்பான். ‘கொலை செய்வேன்’னா மிகாது, ‘கொலைக் குற்றம்’னா மிகும்னு.”

கமாவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வட்டங்களை எண்ணினார், ஐந்து.

“ஒண்ணு செய் கமா. அவர் எழுதினதுல இருந்து யாராவது துண்டு துண்டா எடுத்து ஒட்டியிருக்கலாம். இந்த மெஷின்ல அவர் வெச்சிருக்கறது எல்லாத்துலயும் தேடிப் பாரு. இந்த வார்த்தைகளை எங்கயாவது எழுதியிருக்காரான்னு.”

கமா கடிதத்தையும் ஒற்றின் கோப்புகளோடு சேர்த்துப் போட்டான். ஆறு வருடத்துக் கோப்புகள். தேடும் பெட்டியில் ‘கொஞ்ச நாள்’ என்று தட்டினான்.

தேடிய சொல் கிடைக்கவில்லை.

“ஆறு வருஷமா மனுஷன் ‘கொஞ்ச நாள்’னு ஒரு தடவைகூட எழுதல,” என்றான் கமா. “சரி, இது அவர் சரக்கு இல்ல, கிளம்பலாமா?”

இன்ஸ்பெக்டரம்மா அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கமா. லெட்டரையும் அதே இடத்துலதான போட்டே?”

“ஆமா மேடம்.”

“லெட்டர்ல ‘கொஞ்ச நாள்’ இருக்கு. என் கண்ணுக்குத் தெரியுது. உன் மெஷினுக்கு மட்டும் ஏன் தெரியல?”

கமாவின் வாய் பாதியில் நின்றது. அவன் அப்படி நிற்பது அபூர்வம். கையால் தன் வழுக்கையில் ஒன்று போட்டுக்கொண்டான்.

“பிரச்சினை பதினொண்ணு! ஒன்பது வருஷம் இதுக்கு மட்டும் நானூறு பேருக்குப் பதில் போட்டிருக்கேன், எதிர்ல வந்து நின்னா அடையாளம் தெரியல பாருங்க…”

“தமிழ்.”

“இதைவிடத் தமிழ் கிடையாது மேடம். ‘கொ’வை எப்படி எழுதுவோம்? முன்னாடி ஒரு கொம்பு, நடுவுல க, பின்னாடி ஒரு கால். நாம மூணு துண்டாப் போட்டாலும் மெஷினுக்கு அந்தக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. விண்டோஸ்ல, லினக்ஸ்ல கிறுக்கல் ஒழுங்கா ஒரே குறியாத்தான் போடும். மேக்ல மட்டும் அதுக்குப் புத்தி பிசகிரும், கொம்பைத் தனியா, காலைத் தனியாப் போடும். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். தேடினா ரெண்டும் வேற.”

“நிரூபி.”

கமா புதிதாக ஒரு ‘கொ’ தட்டினான். அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினான். கொம்பும் காலும் சேர்ந்து மறைந்தன. ‘க’ மட்டும் மிஞ்சியது. பிறகு கடிதத்துக்குப் போய், அங்கிருந்த ‘கொ’வை ஒட்டிக் கர்சரை வைத்து, அதே விசையை ஒருமுறை அழுத்தினான். கால் மட்டும் போயிற்று. ‘கெ’ என்று நின்றது.

எதிர் மேஜைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “முப்பத்தஞ்சு வருஷமாப் பிழை பார்க்கறேன். பார்த்தாத் தெரியாத பிழைன்னு ஒண்ணு இருக்கா?”

“இங்க மேக் யார்கிட்ட இருக்கு?”

“யார்கிட்டயும் இல்லம்மா.”

இன்ஸ்பெக்டரம்மா மாடிப்படியில் நின்று அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அக்கா கம்ப்யூட்டரா?” என்றது அந்தத் தட்டையான குரல். “மெல்லிசா, வெள்ளி நிறத்துல இருக்கும் மேடம். முதுகுல கடிச்ச ஆப்பிள் படம் ஒண்ணு போட்டிருக்கும்.”

---

“தம்பிக்கு வேற ஒரு இடத்துல தொடர்பு,” என்றான் கமா ஆட்டோவில். “விஷயம் அக்காவுக்குத் தெரியும். தம்பியை எங்கயோ பத்திரமா உட்கார வெச்சுட்டு, இங்க வந்து அந்தப் பொண்ணுக்கு டிபன் டப்பா தூக்கறாங்க. மனசாட்சிக்கு மூணு அடுக்கு கேரியர்.”

“இருக்கலாம்,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. இதுபோல நூறு பார்த்தாகிவிட்டது. விடுப்பு, சந்தோஷம், பொய்க் கடிதம். கூட்டினால் வேறு விடை வராது.

நாத்தனாரின் வீடு மூன்றாவது தெருவில், ஒரு தையல் கடைக்கு மேலே. கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலை வாரியிருந்தாள், ஆனால் ஒரு பக்கம்தான் வாரியிருந்தாள். ஜன்னலோர மேஜையில் அந்த வெள்ளி நிற மெஷின். திரையில் ஒரு படப் புத்தகத்தின் பக்கம்: முயல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே எழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

“தம்பியைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?” என்று அவளே முதலில் கேட்டாள். கேள்வி சரியாக இருந்தது. ஆனால் பதிலுக்குக் காத்திருக்கிற முகமாக அது இல்லை.

“அக்கா, என் போன் செத்துருச்சு,” என்றான் கமா. “அவசரமா ரெண்டு வரி அடிக்கணும், உங்க மெஷின்ல உட்காரலாமா?”

அவள் தலையாட்டினாள். கமா கிறுக்கலைத் திறந்தான். ‘கொ’ தட்டினான். அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினான். பிறகு திரையை இன்ஸ்பெக்டரம்மா பக்கம் திருப்பினான்.

கெ.

“உங்க தம்பி எங்கம்மா?” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

நாத்தனார் திரையைப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் மாட்டிக்கொண்டோம் என்பது புரிந்தது.

“இல்ல,” என்றாள்.

“இங்க இல்லையா?”

“எங்கயும் இல்ல.”

கமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். எதற்கு எழுந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“வியாழக்கிழமை இன்டர்வியூக்குப் போனான்,” என்றாள் அவள், நின்றபடியே. “வேற ஊர்ல. பெரிய பதிப்பகம். அவகிட்ட சொல்லல. ஊர் மாறணுமேன்னு இப்பவே கவலைப்பட ஆரம்பிச்சுருவா, கிடைச்சா சொல்லிக்கலாம்னு எனக்கு மட்டும் சொன்னான். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்னு பையில இருந்த இன்டர்வியூ ஃபாரத்துல என் நம்பரைத்தான் போட்டிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ரோடு தாண்டியிருக்கான். லாரி. ஆஸ்பத்திரியில இருந்து என்னைக் கூப்பிட்டாங்க.”

“நீங்க போனீங்க.”

“போனேன். அடையாளம் காட்டினேன். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலைல அங்கயே எல்லாத்தையும் முடிச்சேன்.” விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள். “மத்தியானம் இங்க வந்து அந்த லெட்டரை அடிச்சேன். சனிக்கிழமை கொண்டுபோய் அவன் கம்ப்யூட்டர்ல போட்டேன்.”

“எதுக்கு?”

“எட்டு வருஷம் மேடம். மூணு தடவை உண்டாகி மூணு தடவையும் தங்கல. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாவு, ஏதோ ஒரு அதிர்ச்சி, படுத்துருவா, அவ்வளவுதான். இந்தத் தடவை ஏழு மாசம் தாண்டியிருக்கு. செத்துட்டான்னு சொன்னா அழுவா, படுத்துருவா. விட்டுட்டுப் போயிட்டான்னா கோபம் வரும். கோபம் இருந்தா எழுந்திரிப்பா, சாப்பிடுவா, அவனைத் திட்டிக்கிட்டாவது பெத்துப் போட்டுருவா. இன்னும் ரெண்டே மாசம். அதுக்கப்புறம் நானே போய்ச் சொல்லிக் கால்ல விழுந்துடலாம்னு…”

இன்ஸ்பெக்டரம்மா காத்திருந்தார், உள்ளே எங்காவது ஏதாவது சுருக்கென்று குத்துகிறதா என்று. குத்தவில்லை. தகவல்கள்தான் வரிசையாக வந்து நின்றன. வியாழன். லாரி. கையெழுத்து. வெள்ளி மதியம்.

“மேடம், சொல்லிடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

“உங்க டிபன் டப்பா மூணும் திறக்காமயே சமையல் மேடைல இருக்கும்மா,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “அவங்களுக்குக் கோபம் வரல. கோபம் வந்திருந்தா என்னைத் தேடி வந்திருக்க மாட்டாங்க. வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நீங்க நினைச்சது ஒண்ணு, நடக்கறது ஒண்ணு.”

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“செருப்பு மாட்டுங்க,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “சேர்ந்தே போகலாம். வழியில அவங்க பார்க்கற டாக்டரம்மா கிளினிக் எங்க இருக்குன்னு காட்டுங்க.”

---

மதியம் மூன்று மணி. அந்தப் பெண் காலையில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் இருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்தாள்.

நாத்தனார் கதவோரமாகவே நின்றுவிட்டாள்.

இந்த வேலை இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ வாசலில் நின்று சொன்னது. அதற்கென்று சில விதிகள் வைத்திருந்தார். சுற்றி வளைக்கக் கூடாது. ‘தவறிட்டார்’ போன்ற மழுப்பல் கூடாது. சொல்லி முடித்த பத்தாவது நிமிடம் கிளம்பிவிட வேண்டும். நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“உங்க கணவர் இறந்துட்டார்மா. விபத்து. பதினோரு நாளாச்சு. அந்த லெட்டர் அவர் எழுதினது இல்ல. உங்க நாத்தனார் எழுதினது.”

சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தாள்.

“வியாழக்கிழமையேவா?”

“ஆமா. சாயங்காலம் நாலே கால்.”

“சனிக்கிழமை அவர் சட்டையெல்லாம் துவைச்சுக் காயப் போட்டேன்,” என்றாள். “ஏழு சட்டை.” பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். “எங்க அக்கா போனார்?”

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இன்டர்வியூ, வேறு ஊர், சொல்லாமல் போன காரணம். எல்லாம் துண்டு துண்டாக வந்தது.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுதும்மா. வெளியில வந்ததும் எனக்குப் போன் பண்ணான். உன்கிட்ட நேர்ல வந்து சொல்லணும்னான்.”

“அப்ப சந்தோஷமாத்தான் இருந்திருக்கார்,” என்றாள் அந்தப் பெண். அதையும் பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். “எனக்குக் கோபமே வரல அக்கா. திட்டிப் பார்த்தேன், தனியா உட்கார்ந்து. வாய்தான் திட்டுச்சு.”

“என்னைத் திட்டு. என்னை அடி.”

“அங்க யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?”

நாத்தனாருக்குப் புரியவில்லை. “எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. அவரைப் பார்க்க. கூட யார் வந்தாங்க?”

“யாரும் இல்ல. யாருக்கும் தெரியாதே.”

“மறுநாள்? எல்லாத்தையும் முடிக்கும்போது?”

“நான்தான்.”

“தனியாவா?” என்றாள் அந்தப் பெண்.

நாத்தனார் தலையசைத்தாள்.

“தனியாப் போய் அவரை அப்படிப் பார்த்துட்டு, தனியா நின்னு அனுப்பிட்டு, மறுநாள் இங்க வந்து எனக்குத் தலை வாரி விட்டீங்களா?”

அவள் குரல் அந்தக் கடைசிச் சொல்லில் இரண்டாகப் பிளந்தது. நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள், வயிற்றோடு முடியவில்லை. நாத்தனார் முழங்காலால் நகர்ந்து அவளிடம் போனாள். இரண்டு கைகளாலும் நாத்தனாரின் தலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் அழுதாள். பதினோரு நாளும் வராதது மொத்தமாக வந்தது. “என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, நானும் வந்திருப்பேன்ல, தனியாவா விடுவேன் உங்களை” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நாத்தனாரும் அழுதாள். அதுவரை அவளுக்கும் அழ ஓர் இடம் இருந்திருக்கவில்லை.

கமா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். தோள் குலுங்கியது.

“கமா,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வா. ஏழு மாசம், அதிர்ச்சியான செய்தி, உடனே வரணும்னு சொல்லு. நடக்காதே, ஓடு.”

கமா ஓடினான். படியில் அவன் செருப்புச் சத்தம் மூன்று மூன்றாகத் தாவி இறங்கியது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் தாண்டியிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா வழக்கம்போல எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசல் வரை போனார்.

அங்கே சற்று நின்றார். பிறகு கதவை டாக்டருக்காக அகலத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பையைக் கழற்றித் தரையில் போட்டார். அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒரு கையை நாத்தனாரின் தலையிலிருந்து எடுத்து, யாருடையது என்று பார்க்காமலே, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிடி வலித்தது. நன்றாகவே வலித்தது. இன்ஸ்பெக்டரம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.